தஞ்சாவூர் நிழல்

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அது விழுகிற இடம் விருதுநகரில் பழைய பேட்டைத் தெரு என்று தெரியவந்த காலையில் அந்தத் தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. இஸ்திரி போடும் முத்திருளன் தன் வண்டியைக் கொஞ்சம் மேற்கே தள்ளி நிழலுக்குள் நிறுத்தினான், கழுத்துத் துண்டால் நெற்றியைத் துடைத்தான், "இன்னைக்குத் தேவலை" என்றான், அவ்வளவுதான்.

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் இருந்த வேப்பமரங்களையெல்லாம் கொண்டுபோய்விட்ட தெரு அது. அதற்குப் பிறகு அங்கே வெயில் ஒரு வீட்டுக்காரனைப் போலக் குடியிருந்தது; காலையில் கதவைத் திறந்தால் வாசலில் நின்றது, மாலையில் கதவைச் சாத்தினாலும் சுவரிலிருந்து போக மனமில்லாமல் நின்றது. அப்படிப்பட்ட தெருவில் ஒரு நாள், கடைசி வீட்டு வாசலில் அகன்று தொடங்கி, அடுக்கடுக்காகக் குறுகி, எதிர்முனைத் தண்ணீர்த்தொட்டியின் மேல் கலசத்தைச் சாய்த்துக்கொண்டு, இல்லாத ஒரு கோபுரத்தின் நிழல் படுத்திருந்தது. மற்ற நிழல்களைப் போலவே அது உச்சிவேளையில் சுருங்கியது, மாலையில் புரண்டு மறுபக்கம் படுத்தது. நாய்கள் முதலில் அதற்குள் வந்தன. பிறகு கம்மங்கூழ் விற்கும் செல்லக்கனி பானைகளோடு வந்தாள். அதற்குப் பிறகு ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், கூழுக்கும் தூக்கத்துக்குமாக. வத்தல் வியாபாரி பால்ச்சாமி மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றார். தெருவில் சாக்கு விரித்து மிளகாய் காயப்போடுகிறவர் அவர். நிழல் விழுந்த இடத்தில் வத்தல் நமுத்துச் சுருண்டது.

"சாமி நிழலாப் போச்சு, வாய்விட்டு வையவும் முடியலை" என்று சொல்லிக்கொண்டு சாக்குகளை இழுத்தார்.

நிழல் தொடங்கிய கடைசி வீட்டில் தங்கபுஷ்பம் தனியாக இருந்தாள். தெருவுக்கு அவள் ஆபரேட்டரக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலைக்கு இளவயதில் போய், காதில் ஹெட்போனும் கையில் கம்பிக்கயிறுமாக உட்கார்ந்து, பருப்பு வியாபாரிகளையும் பருத்தி வியாபாரிகளையும், பிறந்த செய்தியையும் இறந்த செய்தியையும், ஊரோடு ஊர் சேர்த்துச் சேர்த்து, தான் எந்த ஊரோடும் சேராமல் ஓய்வு பெற்றவள். கல்யாணம் என்ற ஒன்று பேச்சாக வந்து பேச்சாகவே போயிற்று. அம்மா இருந்தவரை வெளியே கிளம்பும்போது உள்ளே பார்த்து "போயிட்டு வரேன்" என்பாள். அம்மா போன பிறகும் அந்த வார்த்தை வாயிலிருந்து போகவில்லை. சொல்லாமல் கிளம்பினால் திரும்பி வருவது உறுதியில்லை என்பதுபோல ஒரு பயம். அதனால் கதவைப் பூட்டி, பூட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள்.

டிரங்க் கால் காலத்தில் ஆபரேட்டர்களுக்குப் பெயர் கிடையாது. ஒருவரை ஒருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். திருச்சிக்கு எப்போதும் அவசரம். கும்பகோணம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசும். சிதம்பரம் இருமும். தஞ்சாவூர் மட்டும், லைனில் யாரும் இல்லாத மதிய நேரத்தில், கம்பி வழியாகக் கால் நீட்டி உட்கார்ந்ததுபோலப் பேசும்.

"விருதுநகர், சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு, தஞ்சாவூர். உங்களுக்கு?"

"டப்பா இன்னும் திறக்கலை. எங்க கோபுரத்து நிழல் கீழே விழாதுன்னு சொல்றாங்களே, கேட்டிருக்கீங்களா? அப்போ வேற எங்கே போய் விழும்னு நான் சின்ன வயசுலேருந்து யோசிச்சிட்டிருக்கேன். உங்க ஊரு எப்படி இருக்கும், சொல்லுங்க."

"எங்க ஊருல என்ன இருக்கு. கோபுரம்னு பெருசா ஒண்ணும் இல்லை. எங்க தெருக்கோடியில உருண்டையா ஒரு தண்ணித்தொட்டி. எங்க மாடியில ஒரு துணிக்கொடி, எதிர் வீட்டு மாடியில உடைஞ்சுபோன புறாக்கூண்டு. தரையெல்லாம் மிளகாய்."

"பார்த்த மாதிரியே இருக்கு" என்றது தஞ்சாவூர்.

இயந்திரம் வந்து, மனிதர்கள் தாமாகவே எண்களைச் சுழற்றிப் பேசத் தொடங்கி, டிரங்க் போர்டைக் கழற்றப்போகிற கடைசி வாரத்தில் தஞ்சாவூர் சொன்னது: "ஒரு தடவை வாங்க, விருதுநகர். கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்து சாவகாசமாப் பேசலாம். நீங்க வரலைன்னா நானே..." அதற்குள் யாரோ ஒரு வியாபாரி அவசரக் கால் என்று குறுக்கே வந்தார். அவருக்குக் கொடுத்த லைன் திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த வாக்கியத்தின் மிச்சத்தை இத்தனை வருஷமும் காதில் வைத்திருந்த தங்கபுஷ்பம், முட்டிவலி தீர்மானமாக வந்து உட்கார்ந்த பிறகு, இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று ஒரு நாள் எழுந்து, மாதக் காலண்டரில் முடிந்துபோன தாளைக் கிழித்து, அதன் வெள்ளை முதுகில் நான்கு ஊர்களை எழுதினாள். குரலாக மட்டும் தெரிந்த ஊர்கள். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம். எந்த ரயிலில் போய், எங்கே இறங்கி, எங்கே தங்கி, எப்படித் திரும்புவது என்று ரயில் நேரங்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்தாள். மற்ற மூன்றும் வழியில் இருக்கிற மரியாதைக்காக. தஞ்சாவூருக்குக் கீழே மட்டும் அழுத்திக் கோடு போட்டாள். மறுநாள் காலையில்தான் முத்திருளன் வண்டியைத் தள்ளி நிறுத்தினான்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் செல்லக்கனி. கூழ் கொடுக்க உள்ளே வந்தவள் மேஜையில் தாளைப் பார்த்தாள். அன்று தங்கபுஷ்பம் தஞ்சாவூருக்குக் கீழே போட்ட கோட்டை அழித்துச் சிதம்பரத்துக்குக் கீழே போட்டிருந்தாள், அங்கிருந்து தொடங்கலாமா என்ற யோசனையில். வெளியே தெருவின் நான்கு மூலைகளிலும் நான்கு கோபுரங்கள் படுத்திருந்தன. செல்லக்கனி தாளைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், "அதான பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுச் சொம்பை வாங்கிக்கொண்டு போய் எல்லோரிடமும் சொன்னாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். சாயங்காலமானால் வந்தார்கள், செருப்பைக் கழற்றிப் போட்டார்கள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள், அவள் பயணத்தைத் தங்கள் பயணம்போலப் பேசினார்கள். கும்பகோணத்தை முதலில் வைத்தபோது மகாமகக் குளத்துக் கரையின் குட்டிக் குட்டி மண்டபங்களெல்லாம் வாசலுக்கு ஒன்றாக விழுந்து, அவரவர் நிழலை அவரவர் வைத்துக்கொண்டதில் தெருவில் சண்டை குறைந்தது. திருச்சியை வைத்த அன்று மலைக்கோட்டை முழுசாக வந்து கவிழ்ந்து, பகலிலேயே கோழிகள் அடையப் போயின. பால்ச்சாமி வந்து மலையை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

"தஞ்சாவூர்ல இன்னொரு நாள் சேர்த்துப் போடுங்கக்கா. அரமனை இருக்கு, தலையாட்டிப் பொம்மை இருக்கு. அவசரமா ஓடியாந்தா கண்ணுல ஒட்டாது" என்பாள் செல்லக்கனி.

"அக்கா கண்ணுல ஒட்டுறது இருக்கட்டும். உன் கூழு புளிச்சுப் போகக் கூடாது, அதைச் சொல்லு" என்பான் முத்திருளன்.

"ஆமா, இவரு வண்டி மட்டும் கொடைக்கானல்ல நிக்கணுமாம்."

"சிதம்பரமே இருக்கட்டும் ஆபரேட்டரம்மா, நாலு மூலைக்கு நாலு கோபுரம். நடுவுல எனக்கு வத்தல் காயும்" என்பார் பால்ச்சாமி.

"சிதம்பர ரகசியமே அண்ணாச்சியோட வத்தல்தான் போல" என்பாள் செல்லக்கனி. சிரிப்பு மேஜையைச் சுற்றி வரும்.

தங்கபுஷ்பம் பரணிலிருந்து தம்ளர்களை இறக்கினாள். எப்போதோ வாங்கி, ஒட்டிய சீட்டுக்கூடக் கிழிக்காமல் அடுக்கிவைத்தவை. வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினாள். யாருக்குச் சர்க்கரை கம்மி, யாருக்கு டிகாக்‌ஷன் தூக்கல் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு வீட்டில் இப்படித் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்க வேண்டும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். இவர்கள் நிழலுக்காக வருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. எல்லோரும் போன பிறகு தம்ளர்களைக் கழுவும்போது தெரியும். ஆனாலும் மறுநாள் சாயங்காலம், ரயில் நேரத்தில் ஏதோ ஒரு சிக்கலைத் தானே கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருப்பாள்.

அப்படியே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் மதியங்களில், தெரு முழுக்கக் கோபுர நிழலில் தூங்கும்போது, அந்த அமைதியில் பழைய கம்பி ஒன்று காதுக்குள் இரைந்தது. நீங்க வரலைன்னா நானே. அந்தக் குரலுக்கும் வயதாகிக்கொண்டிருந்திருக்கும். தாமதித்தால் இல்லாமலும் போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் நாள் குறித்தாள், சீட்டு எடுத்தாள், பெட்டி கட்டினாள். அன்று காலை கோபுர நிழல் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி மாதிரி வெளுத்திருந்தது. அதற்குள்ளிருந்து மண் தெரிந்தது, கல் தெரிந்தது, தூங்குகிற நாயின் முதுகு பளபளத்தது. அவள் கிளம்பிவிட்டால் நிழலும் கிளம்பிவிடும் என்று தெருவுக்குப் புரிந்தது. பெட்டியோடு அவள் படியிறங்கி வந்தபோது, அவள் போக வேண்டும் என்று அந்தத் தெருவிலேயே மனதார ஆசைப்பட்ட ஒரே மனிதரான பால்ச்சாமி, சாக்கை உதறிக்கொண்டிருந்தவர், பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்து, "எங்க ஆபரேட்டரம்மா, பெட்டியும் கையுமா?" என்று கேட்டுவிட்டார்.

நிழல் வந்த நாளில் வாயைப் பிளக்காத தெரு அன்று வாயைப் பிளந்தது. கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்பதாவது! கேட்டவருக்கே முகம் வெளிறிப்போயிற்று. "ஐயோ, நான் கேக்கலைம்மா, வாயி கேட்டுருச்சு" என்றார். கேட்டது கேட்டதுதான். தங்கபுஷ்பம் திரும்பி உள்ளே போனாள், பெட்டியை வைத்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் கூவியது. அவள் வெளியே வந்து பார்த்தபோது நிழல் மறுபடி கெட்டியாகி, செல்லக்கனியின் பானைகளைக் கழுத்துவரை மூடியிருந்தது.

தெரு கற்றுக்கொண்டது அன்றுதான். அடுத்த தடவை அவள் கிளம்பியபோது செல்லக்கனி பானைக்குள் பார்த்துக்கொண்டே, "எங்கக்கா கிளம்பிட்டீக?" என்றாள். அதற்கடுத்த தடவை மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. காய்கறிப் பையில் இரண்டு சேலையைத் திணித்து, கத்திரிக்காய் வாங்கப் போகிறவள் மாதிரி நடந்து பார்த்தாள், ஆட்டோவுக்குள்ளிருந்து கேட்டார்கள். முத்திருளனும் ஒரு முறை கேட்டான், கேட்டுவிட்டு அன்று முழுவதும் அவள் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இத்தனை வருஷம் இந்தப் படியிலிருந்து இறங்கி எத்தனையோ இடத்துக்குப் போய் வந்திருக்கிறாள். எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாத கேள்விதான். ஆனால் அதைக் கேட்பதற்கும் ஓர் ஆள் இருக்க வேண்டுமே.

பெட்டிக்குள் கிடந்து கிடந்து பயணச்சேலை கசங்கியது. ஒரு மதியம் அதை எடுத்துக்கொண்டு அவள் முத்திருளன் வண்டிக்குப் போனாள்.

"இதே சேலையை எத்தனை வாட்டிக்கா தேய்க்கிறது" என்றான் அவன், தலை நிமிராமல். "கட்டாமயே நஞ்சுபோகும்."

"கட்டிட்டுப் போக நீங்க விட்டாத்தானே, தம்பி."

அவன் கரித்தூளை ஊதினான். "அந்தத் தஞ்சாவூருல அப்படி என்னக்கா இருக்கு? கோபுரம்தான் இங்கேயே வந்து கிடக்குதே" என்றான்.

அவள் முக்காலியில் உட்கார்ந்து சொன்னாள். மதிய நேரத்துக் குரலைச் சொன்னாள், திறக்காத டப்பாவைச் சொன்னாள், பாதியில் நின்ற வாக்கியத்தைச் சொன்னாள். யாரிடமும் சொன்னதில்லை அதுவரை.

"அவுக பேரு என்ன?"

"கேட்டுக்கிட்டதில்லை."

"இத்தனை வருசம் பேசிப்புட்டுப் பேரு கேக்கலையா!" என்று சிரித்துவிட்டான்.

"கேட்கிறதுக்கு அவசியமே வரலையே. தஞ்சாவூர்னு கூப்பிட்டா அங்கே இருப்பாங்க."

"இப்பவும் இருக்காகளா?"

அவள் சேலை ஓரத்தைப் பிடித்து நீவினாள். அவன் சிரிப்பை நிறுத்தினான். தண்ணீரைக் கையில் எடுத்துச் சேலைமேல் தெளித்தான், தெளித்த இடமெல்லாம் இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்டினான், மடிப்பு மடிப்பாக மடித்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தான். "நாளைக்குக் காலையில ரயில் இருக்குல்ல" என்றான், கரியைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலை அவள் கதவைப் பூட்டுகிற நேரத்தில் தெருவின் மறுமுனையில் பெரிய சண்டை தொடங்கியது. முத்திருளன் கூழ்க் கலயத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது கூழா, சுண்ணாம்பா? ஊரைக் கூட்டிக் கேப்போம்!" என்று கத்தினான். "நாக்கு செத்த மனுசனுக்கு எதுவும் சுண்ணாம்புதான்!" என்று செல்லக்கனி கரண்டியோடு எழுந்தாள். மாடியிலிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள், ஆட்டோவிலிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள், பால்ச்சாமி இருவருக்கும் நடுவில் நின்று இருவரிடமும் அடி வாங்கப் பார்த்தார். எல்லா முதுகுகளும் அவள் பக்கம் இருந்தன. தங்கபுஷ்பம் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த முதுகுகளை ஒட்டி நடந்தாள். நிழல் காலுக்கடியில் வெளுத்துக்கொண்டே வந்தது. தலைகளுக்கு மேலாக முத்திருளன் அவளைப் பார்த்தான். வெயில் அவன் நெற்றியில் இறங்கியிருந்தது. அவன் கேட்கவில்லை. "போ! போயிட்டு வா! போயிட்டு வாங்கன்னுதானே சொல்றேன், இங்க எவன் புடிச்சு வச்சிருக்கான்!" என்று செல்லக்கனியைப் பார்த்துக் கத்தினான். செல்லக்கனிக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கபுஷ்பத்துக்குப் புரிந்தது. பூட்டுக்குச் சொல்லாத வார்த்தையை அவள் தலையசைத்துச் சொன்னாள்.

திருச்சியில் இறங்கவேண்டியவள் இறங்கவில்லை. தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்தது. அதன் நிழல் மற்ற மலைகளின் நிழலைப் போல அதன் காலடியிலேயே கிடந்தது. நேராகத் தஞ்சாவூருக்குப் போனாள்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கோயிலுக்கு வழி கேட்டு நடந்தாள். வெயில் சாய்ந்திருந்தாலும் உறைத்தது. வழியில் ஒரு சின்னத் தெருவில் நிழலாக இருந்தது. முட்டி கேட்டுக்கொண்டதால் அங்கே ஒரு சைக்கிள் கடை ஓரமாகப் பெட்டியை வைத்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரத்தில் ஒருத்தி வெயில் பட்ட இடமாகப் பார்த்து வடாம் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தாள். நிழல் சுகமாக இருந்தது. பழக்கமான சுகமாக இருந்தது. குனிந்து பார்த்தாள். அவள் காலடியில் துணிக்கொடி ஒன்று ஓடியது, கிளிப்புகளோடு. அதற்கப்பால் உருண்டையாக ஒரு தண்ணீர்த்தொட்டி. எதிர்ப்பக்கச் சுவரில், ஒரு பக்கம் சரிந்து, உடைந்த புறாக்கூண்டு. நிமிர்ந்து பார்த்தால் அந்தத் தெருவில் தொட்டியும் இல்லை, கொடியும் இல்லை, கூண்டும் இல்லை. அவள் தன் வீட்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"இது எத்தனை நாளா விழுது?" என்று கேட்டாள்.

"ரொம்ப நாளாச்சும்மா" என்றாள் வடாம் தட்டுக்காரி, ஆச்சரியம் ஒன்றும் இல்லாமல். "எந்த ஊரோ என்னவோ. கோபுரம்னு ஒண்ணும் இல்லாத ஊரு. ஆனா இதமான நிழல். அந்தக் கோடி வீட்டம்மா எங்கேயோ போகணும்னு ரயிலெல்லாம் பார்த்துட்டே இருக்காங்க, அதுலேருந்து இப்படித்தான். அவங்க கிளம்பிட்டா இது போயிடும்னு நாங்களும் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்தி வச்சிட்டிருக்கோம்." அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிழலை உற்றுப் பார்த்தாள். "என்னது இது, இன்னைக்கு இப்படி மெலிஞ்சிருக்கு?"

துணிக்கொடிக்குள்ளிருந்து மண் தெரிந்தது. புறாக்கூண்டு சுவரிலேயே கரைந்துகொண்டிருந்தது. தங்கபுஷ்பம் பெட்டியை அங்கேயே விட்டு எழுந்தாள். வலித்த முட்டியை மறந்து, வெளுக்கிற தன் தெருவின் மேலேயே நடந்து, தன் வாசலின் நிழலைத் தாண்டி, கோடி வீட்டுக்குப் போனாள். படியில் ஒரு வயதான பெண் முதுகைக் காட்டி நின்று கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். காலடியில் பை இருந்தது. பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பூட்டைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றாள்.

அந்தக் குரல். கம்பி இல்லாமல், இரைச்சல் இல்லாமல், இவ்வளவு பக்கத்தில்.

கேட்கக் கூடாது என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். லைன் சரியில்லாத நாட்களில் ஊரைத் தாண்டி ஊருக்குக் கேட்கும்படி கூப்பிடுவாளே, அப்படிக் கூப்பிட்டுக் கேட்டாள்:

"எங்கே கிளம்பிட்டீங்க, தஞ்சாவூர்?"

தெருவில் வடாம் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. படியில் நின்றவள் உடனே திரும்பவில்லை. முதலில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கையைக் காதோரம் கொண்டுபோனாள். அங்கே ஹெட்போன் இல்லை. பிறகு சாவியை மறுபடியும் பூட்டுக்குள் நுழைத்தாள்.

"கேட்டுட்டீங்களே, விருதுநகர்" என்றாள். "இனி உள்ளே போய் உட்கார்ந்து தண்ணி குடிக்கணுமே."

போக நினைத்த ஊரே வாசலுக்கு வந்துவிட்டதில் நிழல் கரைந்து, தெருவில் வெயில் விழுந்தது. ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டில்களை நகர்த்தும் சத்தம் உள்ளேவரை கேட்டது. அந்த வீட்டில் மேஜைமேல் ஒரே ஒரு தம்ளர்தான் இருந்தது. இரண்டாவதைப் பரணில் தேடி எடுத்து, ஒட்டியிருந்த சீட்டைச் சுரண்டிக் கழுவிக்கொண்டுவர, கொஞ்ச நேரம் ஆயிற்று.